குசினிப் பெட்டிக்கு வைஃபை எங்கிருந்து வருகிறது? உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

நல்லூர் நாற்சார்:
கனடா மாமா விட்டுவிட்டுப் போன மூன்று பழைய சோனோஸ் பெட்டிகள், வைஃபையில் பாடும் ஸ்பீக்கர்கள். ஹோலில் இருப்பதற்கு ரவுட்டரிலிருந்து கேபிள், மற்றவை சாமியறை வாசலிலும் குசினியிலும். பழைய நாற்சார் வீடு, தடித்த சுண்ணாம்புச் சுவர், குசினிக்குள் போனால் போனில் வைஃபை ஒரு கோடுகூட நிற்காது, ஆனால் அங்கே இருக்கிற பெட்டி மட்டும் தடங்கலில்லாமல் பாடும். ஒருநாள் உடுப்பு மினுக்க பிளக் தேவைப்பட்டுச் சாமியறைப் பெட்டியைக் கழற்றினேன். குசினியில் தெட்சணாமூர்த்தியின் தவில் நடுவிலேயே அறுந்தது. "ஏன்ரா அதை நிப்பாட்டினனீ?" என்று அம்மா அகப்பையோடு வந்து நிற்கிறார். நான் தொட்டது வேறு பெட்டி! திரும்பக் கொழுவ, கொஞ்ச நேரத்தில் குசினியும் பாடியது. குசினிப் பெட்டி ரவுட்டரோடு கதைப்பதே இல்லை, சாமியறைப் பெட்டியிடம் வாங்குகிறது, அது ஹோல் பெட்டியிடம் வாங்குகிறது. போனின் வைஃபை பட்டியலில் இந்த வலையின் பெயர் வராது, ஸ்கேன் பண்ணும் ஆப்பில் பெயரில்லாத ஒன்று பலமாக நிற்கிறது. எங்கள் வீட்டுக்குள் எங்களுக்கே தெரியாமல் ஒரு வலை ஓடுவது எனக்கு இன்னும் ஒரு மாதிரித்தான் இருக்கிறது.

கோண்டாவில் பொடியன்:
உங்களுக்குப் பாட்டுத்தான் நின்றது, எங்களுக்கு வீடே நின்றது. கமரா பூட்ட வந்த தம்பி ஒருவர் "வயர் போட்டால் இன்னும் வடிவாக இழுக்கும்" என்று சொல்லி ஸ்விட்சிலிருந்து (ரவுட்டரின் கேபிளைப் பல கேபிளாகப் பிரிக்கிற சாதனம்) மேல்மாடிப் பெட்டிக்கும் கேபிள் கொழுவிவிட்டார், கீழே ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் டீவி, போன், கமரா எல்லாம் படுத்துவிட்டன. ஸ்விட்சில் எல்லா லைற்றும் ஒன்றாக, கோயில் திருவிழாச் சோடனை மாதிரி மின்னுகிறது. மேல் கேபிளை இழுத்தவுடன் அடங்கியது. இரண்டு பெட்டிக்கும் இடையே கேபிளிலும் பாதை, காற்றிலும் பாதை, எல்லாருக்கும் என்று அனுப்பும் தகவல் வட்டமாகச் சுற்றிப் பெருகுகிறது. அதைத் தடுக்க ராடியா பேர்ல்மன் என்ற அம்மா 1985இல் உருவாக்கிய ஸ்பானிங் ட்ரீ முறையை இந்தப் பெட்டிகளும் பாவிக்கின்றன, மேலதிகப் பாதையைத் தாங்களே அடைத்துவிடும். ஆனால் நடுவில் இருக்கிற ஸ்விட்ச், அதற்காகப் பெட்டிகள் ஒன்றுக்கொன்று அனுப்பும் செய்திகளைக் கடத்தாமல் விழுங்கினால் யார் அடைப்பது? எங்களுடையது விழுங்குகிற ரகம்.

லண்டன் சுன்னாகம்:
நாற்சார் தம்பி, சும்மா ஆட்களைப் பயப்படுத்த வேண்டாம். 2005இல் முதல் பெட்டி வந்ததிலிருந்தே அப்படித்தான், சோனோஸ்நெட் என்று பெயரும் இருக்கிறது. 2014இல்தான் கேபிளே இல்லாமல் வீட்டு வைஃபையில் ஏற விட்டார்கள். கேபிளைக் கழற்றுங்கள், உங்கள் மறைவலை போய்விடும், குசினிப் பாட்டும் சேர்ந்து போகும். என் கதை சின்னது: அக்காவுக்குப் புதுப் பெட்டி கொண்டுவந்தேன், பழையது பாடுகிற அதே பின்விறாந்தையில் அது வாயே திறக்கவில்லை. 2023இல் வந்த ஈரா 100, ஈரா 300 எல்லாம் இந்த வலையில் சேராது, வீட்டு வைஃபை எட்ட வேண்டும். "பழசே காணும்" என்றுவிட்டார் அக்கா.

சரி, இதைச் செய்யுங்கள். இந்த வலை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலையில் 1, 6, 11 என்ற மூன்று சனல்களில் ஒன்றில்தான் ஓடும். ரவுட்டரும் அதே சனலில் நின்றால் ஒன்றையொன்று மிதிக்கும், அதனால் ரவுட்டரை 1இல் பூட்டிவிட்டு ஆப்பில் பெட்டிகளை 11க்கு மாற்றுங்கள். ரவுட்டரின் சனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும், 40 வைத்தால் பக்கத்துச் சனலையும் தின்னும். கேபிள் போட்ட பெட்டியை ரவுட்டருக்கு மேலே தூக்கி வைக்காதீர்கள், இரண்டு முழமாவது தள்ளி வையுங்கள். குசினியில் மைக்ரோவேவ் இருந்தால் அதுவும் 2.4இல்தான், அதற்குப் பக்கத்திலும் வேண்டாம். அப்புறம் அயலட்டை ரவுட்டர்கள் எந்தச் சனலில் என்று ஒருக்கால் ஸ்கேன் பண்ணிப் பாருங்கள்.

நல்லூர் நாற்சார்:
நான் சனல் கேட்கவே இல்லையே அண்ணை. என்னுடையது நன்றாகத்தான் பாடுகிறது.

பருத்தித்துறைக் காற்று:
டீவிக்குக் கீழே இருக்கிற நீளச் சோனோஸ் பெட்டியோடு சேர்ந்த சப்வூஃபர் (அடித்தொனிக்கான பெட்டி) நெஞ்சில் இடிக்கிறது என்று அத்தான் அதை அடுத்த அறைக்குத் தள்ளினார். இடி அடியோடு போய்விட்டது. அந்த அறையில் போனுக்கு வைஃபை முழுசாக இருக்கிறது! ஆனால் சப் வீட்டு வைஃபையில் இல்லை, நீளப் பெட்டியே 5 கிகாஹெர்ட்ஸில் அதற்கென்று தனியாக ஒரு வலை திறந்து வைத்திருக்கிறது, அந்த அலை சுவர் தாண்ட நன்றாகக் கஷ்டப்படும். சுன்னாகம் அண்ணையின் 1, 6, 11 இதற்கு உதவாது. அத்தான் இன்னும் ரவுட்டரைத்தான் திட்டுகிறார், சப்பைத் திரும்பக் கொண்டுவரவும் மாட்டாராம்.