20 லிட்டர் தண்ணி கேனில் எத்தனை கோலிக்குண்டு பிடிக்கும்?

கேள்வி – ஆறாம் வகுப்பு டீச்சர்

பள்ளிக் கண்காட்சியில் "எத்தனை கோலி?" போட்டி வைக்கிறோம். 20 லிட்டர் கேன், 16 மி.மீ. கண்ணாடிக் கோலி. எத்தனை வாங்கணும்னு கணக்குப் போட்டா ரெண்டு விடை வருது. ஒரு கோலியின் கன அளவு 2.14 க.செ.மீ.; 20,000-ஐ அதால வகுத்தா 9,300-க்கு மேல. ஒவ்வொரு கோலியையும் 1.6 செ.மீ. சதுர டப்பான்னு வெச்சா 4,880. எது சரி?

பதில் – படிக்கணக்கு

ரெண்டும் இல்ல டீச்சர். முதல் கணக்கு, கோலியை உருக்கி ஊத்தின கணக்கு, இடுக்கே கிடையாது. ரெண்டாவதில் ஒண்ணு தலைமேல ஒண்ணு நேரா நிக்குது. கொட்டினா அப்படி நிக்குமா? கீழ்க் கோலிகளுக்கு நடுவுல இருக்கிற பள்ளத்தில் சரிஞ்சு உக்காரும்.

ஒரே அளவு உருண்டைகளைச் சும்மா கொட்டினா இடத்தில் சுமார் 60% நிரம்பும். தட்டி உலுக்கினா 64% வரை போகும். பழக்கடையில் ஆரஞ்சு அடுக்குற மாதிரி கையால அடுக்கினா 74%. அதைத் தாண்ட முடியாதுன்னு வானியல் அறிஞர் கெப்ளர் 1611-ல் சொன்னார். கணித அறிஞர் ஹேல்ஸ் அதை நிரூபிச்சது 1998-ல். கேனுக்குள்ள கைவிட்டு அடுக்க வழியில்ல, அதனால 74-ஐ மறந்துடுங்க.

கொட்டினா 5,600, தட்டினா 6,000-க்குக் கொஞ்சம் கீழ. படியில நெல் அளக்கிறவங்களுக்கு இந்த வித்தியாசம் நல்லாத் தெரியும்.

பதில் – எடைக்கல்

சதவீதம் சரி. ஆனா ஏமாத்துறது பெரும்பாலும் கோலியின் அளவுதான். 16 மி.மீ.ன்னு சொல்லிக் கொடுக்கிறது 15 இருந்தா எண்ணிக்கை 21% கூடிடும், ஏன்னா விட்டம் மூணு தடவை பெருக்கப்படுது. ஒத்தைக் கோலியை ஸ்கேல்ல அளக்காதீங்க. ரெண்டு ஸ்கேலுக்கு நடுவுல பத்துக் கோலியை இடைவெளி இல்லாம வரிசையா வெச்சு நீளத்தைப் பத்தால வகுங்க.

கேனும் கழுத்து வரை நிரப்பினா 20 லிட்டருக்கு மேல பிடிக்கும். லிட்டர் குவளையால தண்ணி ஊத்தி அளந்துடுங்க. பக்கவாட்டு மடிப்பு, கைப்பிடிக் குழி எல்லாம் அதிலேயே கணக்காயிடும்.

60%-ஐ நம்பலைன்னா, 5 லிட்டர் பிடிக்கிற வாளியில் கோலியைத் தலைதட்டி நிரப்பி, விளிம்பு வரை தண்ணி ஊத்துங்க. 2 லிட்டர் தண்ணி இறங்கினா இடுக்கு 40%. டம்ளர்ல செஞ்சு பாக்காதீங்க: சுவரை ஒட்டி இடுக்கு அதிகம், சின்னப் பாத்திரத்தில் சுவர்ப் பங்கு கூடிடும்.

போட்டி விடைக்கு எண்ண வேண்டாம். நூறு கோலியை எடை போடுங்க, சுமார் 535 கிராம் வரும். மொத்த எடையை அதால வகுத்து நூறால பெருக்கினா போதும்.

பதில் – படிக்கணக்கு

ஒண்ணு விட்டுப் போச்சு. கேன் வாய் கோலி விட்டத்தைப் போல மூணு மடங்கு சொச்சம்தான். மொத்தமா கவுத்தா நாலஞ்சு கோலி ஒண்ணையொண்ணு முட்டி வளைவாட்டம் நின்னு வாயை அடைச்சுக்கும். கேனைச் சாய்ச்சு, கைப்பிடி கைப்பிடியா உருட்டி விடுங்க. நேரா மேலிருந்து போட்டா முதல் கோலிகள் அடியில் மோதும்.

நிரம்பினா சுமார் 30 கிலோ, தண்ணியை விட ஒன்றரை மடங்கு. கழுத்தைப் பிடிச்சுத் தூக்காதீங்க. வைக்கப் போற மேஜையிலேயே வெச்சு நிரப்புங்க. தட்டுறதையும் போட்டிக்கு முன்னாடியே முடிச்சிடுங்க, இல்லேன்னா பசங்க ஆட்டிப் பாக்கப் பாக்க மட்டம் இறங்கிக்கிட்டே இருக்கும்.