'பெர் அனிமல்' சாமானுக்குத் தமிழ்ல என்ன?

செ. எழுதியது:
எல்லாருக்கும் வணக்கம். சுண்டெலி ஓடியாடிக்கிட்டு இருக்கும்போதே அது மூளையில நியூரான் மின்னுறத படம் பிடிக்கிற மினிஸ்கோப் பத்தி ஒரு கையேடு மொழிபெயர்க்கிறேன், வெள்ளிக்கிழமை கொடுத்தாகணும். மினிஸ்கோப்புக்கு 'குறுநுண்ணோக்கி'ன்னு போட்டாச்சு, அதுல கை வைக்காதீங்க. சிக்கல் சாமான் கணக்குல. மூளைக்குள்ள வைக்கிற குச்சி மாதிரியான கிரின் லென்ஸ், ஸ்கோப்ப மாட்டுறதுக்காக பல் சிமெண்ட் போட்டு மண்டையோட்டுல ஒட்டுற பேஸ்பிளேட், இதெல்லாம் ஒவ்வொரு எலிக்கும் தனித்தனியா வேணும், அது தலையோடயே இருந்துடும். ஸ்கோப், கேபிள், படத்த கம்ப்யூட்டருக்கு அனுப்புற டேட்டா போர்டு எல்லாம் எலிக்கு எலி மாத்தி மாட்டிக்கலாம். இந்த ரெண்டு வகைக்கும் பேர் வேணும், இல்லன்னா பசங்க 12 எலிக்கு 12 ஸ்கோப் ஆர்டர் போட்ருவாங்க.

க. எழுதியது:
தலைக்கு இவ்வளவுன்னு பேச்சுலயே இருக்கே, 'தலைக்கட்டுப் பொருள்'னு வைங்க. இது நிஜமாவே தலையில உக்கார்ற சாமான் வேற. மத்தது 'முறைப்பொருள்', முறை வச்சு பயன்படுத்துறதால.

இரா. எழுதியது:
குறுநுண்ணோக்கி என்பதில் 'குறு' நோக்கியைத் தழுவுகிறதா, நுண்மையைத் தழுவுகிறதா? அதை விட்டுவிடச் சொல்கிறீர்கள், விடுகிறேன். ஆனால் ஸ்கோப்பை ஓர் எலி தலையில் சூடுகிறது, கழற்றி அடுத்ததற்குக் கொடுக்கிறோம். சூடிக்கொடுத்தவள் இருக்கும் மொழியில் 'முறை' எதற்கு? 'சூடுபொருள்' என்க. வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும்.

ம. எழுதியது:
ஐயா, சூடுபொருள்னா கை வச்சா சுடும்னு நினைப்பாங்க. தலைக்கட்டுன்னா ஆபரேஷன் முடிஞ்சு போடுற கட்டு. நான் லேப்ல இருக்கேன், சொல்லுக்கு முன்னாடி கணக்கே சரியில்ல. லென்ஸும் பேஸ்பிளேட்டும் ஒரே எண்ணிக்கை வராது. லென்ஸ் முதல்ல வைப்போம், சில வாரம் கழிச்சு ஸ்கோப்ப மேல பிடிச்சு செல் தெரியுதான்னு பாத்து, தெரிஞ்சாதான் பேஸ்பிளேட் ஒட்டுவோம். ஒரு பேச்சுக்கு 8 எலியில டேட்டா வேணும், மூணுல ரெண்டு தேறும்னு வச்சா லென்ஸ் 12, பேஸ்பிளேட் 8. ஸ்கோப் எலிய பாத்து வாங்குறதே இல்ல, ஒரே நேரத்துல எத்தன எலிய பதிவு பண்றோமோ அத்தன, உபரியா ஒன்னு. கேபிள் மட்டும் தாராளமா வாங்குங்க, கடிச்சு, முறுக்கி ஒரு வழி பண்ணிடும்.

செ. எழுதியது:
அப்ப 'தங்குபொருள்', 'சுழல்பொருள்'? பாத்ததும் புரியுது. லென்ஸுக்கும் பேஸ்பிளேட்டுக்கும் தனித்தனி வரிசை போட்டுடுறேன்.

க. எழுதியது:
சரி, போடுங்க. எனக்கு தலைக்கட்டுதான் பிடிச்சிருக்கு, ஆனா வெள்ளிக்கிழமைக்கு யாருக்கும் தெம்பில்ல.

இரா. எழுதியது:
தங்குபொருளும் வினைத்தொகையே, ஆகவே இலக்கணப்படி எதிர்ப்பில்லை. பேஸ்பிளேட்டுக்கு 'மணை' என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது, யாரும் கேட்கவில்லை.

ம. எழுதியது:
கேட்டா 'அரிவாள்மணையா'ன்னு திருப்பி கேப்பாங்க ஐயா, பேஸ்பிளேட்டே இருக்கட்டும். ஆனா செ., ஒன்னு மட்டும். சோதனை முடிஞ்சப்புறம் சில லேப்ல லென்ஸ வெளிய எடுத்து, சுத்தம் பண்ணி, கீறல் இல்லன்னா அடுத்த எலிக்கு வைக்கிறாங்க. அது தங்குற கணக்கா, சுழல்ற கணக்கா?