புதுப்பிப்பு: தடுப்பூசி வேண்டாம் என்ற சமையல் அக்கா

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. அப்பாவுக்கு நுரையீரல் கோளாறு, சமையல் செய்யும் அக்கா கொரோனா ஊசி போட மறுக்கிறார், வேலையை விட்டு நிறுத்தலாமா என்று கேட்டிருந்தேன்.

நிறுத்தவில்லை. "மிரட்டாதீர்கள், எதற்குப் பயப்படுகிறார் என்று கேளுங்கள், சம்பளத்தோடு லீவு கொடுங்கள்" என்று ஒருவர் சொன்னதுதான் பலித்தது.

2021 ஏப்ரலில் நடிகர் விவேக் ஊசி போட்ட சில நாளில் இறந்த செய்திதான் காரணம் என்று நினைத்திருந்தேன். அதுவும் இருந்தது. ஆனால் பெரிய பயம் காய்ச்சல்! படுத்துவிட்டால் அவர் வேலை பார்க்கும் மற்ற வீடுகளில் சம்பளம் பிடிப்பார்களாம். அவர்களிடம் நானே பேசினேன். ஒரு வீட்டில் சரி என்றார்கள். இன்னொரு வீட்டில் பிடித்த பணத்தை நாங்கள் கொடுத்துவிட்டோம்.

அப்புறம், அக்காவுக்குச் சர்க்கரை உண்டு. சர்க்கரை இருந்தால் ஊசி போடக் கூடாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உண்மையில் சர்க்கரை உள்ளவர்களுக்குக் கொரோனா கடுமையாகும் ஆபத்து அதிகம், அதனால் அவர்கள் அவசியம் போட வேண்டும். நான் சொன்னபோது தலையாட்டியதோடு சரி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை தரும் நர்ஸ் சொன்னதும் நம்பினார்.

ஊசிக்குப் பதிவு செய்யும் அரசுத் தளமான கோவினில் 2021-இல் ஒரே போன் எண்ணில் 4 பேரைச் சேர்க்க முடிந்ததால் என் எண்ணிலேயே பதிவு செய்தேன். போட்டது கோவிஷீல்டு, இரண்டாவது டோஸுக்கு அப்போது 12 முதல் 16 வாரம் இடைவெளி இருந்தது. அதுவரை மாஸ்க்கோடு சமையல், ஜன்னல் திறந்தபடி, அப்பா அறைப் பக்கம் போகாமல். முதல் ஊசிக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டாவதற்குக் கைவலி மட்டும்தான்.