சிறுத்தையின் புள்ளி: இந்தப் பழமொழி உங்கள் மேல் விழுந்ததுண்டா?

டைம் ஆபீஸ்காரி:

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில், டைம் ஆபீஸில் பதினோரு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். போன வாரம் ஒரு கோப்பு என் மேசைக்குத் திரும்பி வந்தது. குடியால் வேலையை இழந்த ஒரு ஃபிட்டர், தன்னை மறுபடி சேர்த்துக்கொள்ளும்படி விண்ணப்பித்திருந்தார். அவர் குடியை விட்டுப் பதினான்கு மாதம் ஆகிறது. அத்தனை மாதமும் ஒப்பந்தக்காரரிடம் தினக்கூலியாக எங்கள் மில்லுக்குள்ளேயேதான் வேலை செய்கிறார். காலை ஷிப்டுக்கு ஐந்தே முக்காலுக்கு வாசலில் நிற்பார். வருகைப் பதிவை எழுதுகிறவளே நான்தான்.

விண்ணப்பத்தின் ஓரத்தில் மேலதிகாரி பச்சை மையில் ஒரே வரி எழுதியிருந்தார். சிறுத்தை தன் புள்ளிகளை மாற்றிக்கொள்ளாது என்று, ஆங்கிலத்தில். கீழே கையெழுத்து, தேதி. அவ்வளவுதான்.

பொருள் எனக்குப் புரிந்தது. பிறவிக் குணம் போகாது, நாய் வாலை நிமிர்த்த முடியாது என்று நாம் சொல்வதுதான். ஆனால் ‘நாய் வால்’ என்று தமிழில் எழுத வேண்டியிருந்தால் அவருக்கே கை கூசியிருக்கும். ஆங்கிலத்தில் எழுதியதும் வசை தீர்ப்பாகிவிட்டது. அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

எதிர்வீட்டு அக்காவிடம் சொன்னேன். “இது எங்கள் வேதத்தில் இருக்கிற வசனமாயிற்றே” என்று பைபிளை எடுத்து வந்தார். எரேமியா, 13ஆம் அதிகாரம், 23ஆம் வசனம். “எத்தியோப்பியன் தன் தோலையும், சிவிங்கி தன் புள்ளிகளையும் மாற்றக்கூடுமோ? கூடுமானால், தீமைசெய்யப்பழகின நீங்களும் நன்மைசெய்யக்கூடும்.” அக்கா விரல் வைத்துப் படித்துக்கொண்டே போனார். என் கண் ‘பழகின’ என்ற சொல்லிலேயே நின்றுவிட்டது. தீமையில் பிறந்த நீங்கள் என்று அங்கே இல்லை. யூதா நாட்டு மக்களைப் பார்த்து, பழகிப் பழகி அது தோலைப் போல ஒட்டிவிட்டதே என்று தீர்க்கதரிசி வேதனைப்படுகிறார். பழமொழியானபோது உவமை மட்டும் தங்கி, ‘பழகின’ உதிர்ந்துவிட்டது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று நம் பெரியவர்கள் சொன்னபோதும் பழக்கம் என்றுதானே சொன்னார்கள்?

இப்படி ஒரு வாக்கியம் உங்கள் மேலோ உங்கள் கண்முன்னோ விழுந்திருந்தால் எழுதுங்கள். எனக்கு அது இப்போது தேவைப்படுகிறது.

பதினோராம் வகுப்பு ஆசிரியை:

சகோதரி, இருபது ஆண்டுகளாக ஆங்கிலம் நடத்துகிறேன். இந்த மரபுத்தொடரைக் கொடுத்து வாக்கியம் அமைக்கச் சொன்னால் பெரும்பாலும் திருடன், பொய்யன், குடிகாரன் என்றுதான் எழுதுவார்கள். ஒரு மாணவன் மட்டும், “என் பாட்டி வாசலுக்கு வந்தவருக்குச் சோறு போடாமல் தான் சாப்பிடமாட்டார்; சிறுத்தை தன் புள்ளிகளை மாற்றாது” என்று எழுதியிருந்தான். சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டேன். மறுநாள் நோட்டோடு வந்து, “நல்ல குணமும் மாறாதுதானே டீச்சர்?” என்று கேட்டான்.

இலக்கணத்தில் பிழையே இல்லை. ஆங்கிலத்தில் இதைக் கெட்ட குணத்துக்கே சொல்வார்கள். அதைத் தவிர அவனிடம் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நம் மூதுரையிலோ ‘சங்கு சுட்டாலும் வெண்மை தரும்’ என்று மாறாத மேன்மைக்கும் ஓர் உவமை இருக்கிறது. அதை அவன் நோட்டில் எழுதிக் கொடுத்தேன்.

ஷேக்ஸ்பியரின் ‘இரண்டாம் ரிச்சர்ட்’ நாடகத்தின் முதல் காட்சியிலும் இந்தச் சிறுத்தை வருகிறது. சிங்கம் சிறுத்தையை அடக்கிவிடும் என்கிறான் அரசன். அடக்கலாம், ஆனால் புள்ளிகளை மாற்றாது என்று மௌப்ரே என்ற பிரபு பதில் சொல்கிறான். தன்மேல் விழுந்த பழியை அரச கட்டளை துடைக்காது என்று தன்னைப் பற்றியே அவன் சொல்வது அது. உங்கள் மேலதிகாரி அடுத்தவர் விண்ணப்பத்தில் அல்லவா எழுதியிருக்கிறார்!

உசிலம்பட்டிக்காரன்:

அக்கா, எங்கள் ஊரில் இந்தப் பழமொழி சட்டமாகவே வந்தது. குற்றப் பரம்பரைச் சட்டம். 1871இல் வட இந்தியாவில் தொடங்கினார்கள். 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டினார்கள். ஒரு சாதியில் பிறந்தாலே திருட்டு இரத்தத்தில் இருக்கும் என்று வெள்ளைக்கார அரசு முடிவு செய்தது. பெருங்காமநல்லூரில் கைரேகை வைக்க மறுத்தவர்கள் மேல் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் 16 பேர் செத்தார்கள். சட்டம் இங்கே நீங்கியது 1947இல்தான்.

என் தாத்தா வாலிபத்தில், அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, இரவுதோறும் சாவடிக்குப் போய்ப் படுத்தவர். எதையும் திருடியவர் அல்லர். இரண்டு ஏர் மாடும் கம்மங்காடும் வைத்திருந்தவர். நாற்பது வயதுக்கு மேல், பள்ளிக்கூடம் போகும் தன் மகளிடம் உட்கார்ந்து கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டார். எழுத்துகள் ஒவ்வொன்றும் ஒரு திசையில் சாயும். நான் சிறுவனாக இருந்தபோது அவரோடு வங்கிக்குப் போயிருக்கிறேன். வயதானவர் என்று இரக்கப்பட்டு அங்கிருந்தவர் மை டப்பாவை அவர் பக்கம் நகர்த்தினார். தாத்தா கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார். “பேனா கொடுங்கள்” என்றார். அந்த மடக்கிய விரல் இன்றும் என் கண்ணில் இருக்கிறது.

பிறவிக் குணம் என்று யார் சொன்னாலும் நான் சும்மா இருப்பதில்லை. கல்யாண வீடானாலும் எழுந்து பேசிவிடுவேன்.

முதுமலை:

காட்டு வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். சிறுத்தையின் புள்ளி மாறாது என்பது உண்மை. கணக்கெடுப்பே அதை நம்பித்தான் நடக்கிறது. தடத்தின் இரு பக்கமும் தானியங்கி கேமரா கட்டுவோம், ஏனென்றால் இடது விலாவின் புள்ளிகள் வலது விலாவில் இருக்காது. ஒரு சிறுத்தைக்கு இருப்பதுபோல இன்னொன்றுக்கும் இருக்காது. கருஞ்சிறுத்தைக்குக்கூட, இரவில் அகச்சிவப்பு ஒளியில் எடுத்த படத்தில் கறுப்புக்குள்ளிருந்து புள்ளிகள் எழுந்து வரும். முதன்முதலில் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இந்தச் சிறுத்தை வேறு, அந்தச் சிறுத்தை வேறு என்று பிரித்தறியத்தான் நாங்கள் புள்ளியைப் பார்க்கிறோம். குடிகாரர்கள் எல்லாரும் ஒன்று என்று தள்ளிவிடவா அது?

டைம் ஆபீஸ்காரி:

எல்லாருக்கும் நன்றி. தம்பி, உங்கள் தாத்தாவைப் பற்றிய பகுதியை எதிர்வீட்டு அக்காவுக்கும் படித்துக் காட்டினேன், இருவருமே அழுதுவிட்டோம்.

பச்சை மை வரியை நான் தொடவில்லை. அதன் கீழே நீல மையில், “பதினான்கு மாத வருகைப் பதிவு இணைக்கப்பட்டுள்ளது. தாமதம்: இல்லை” என்று தமிழில் எழுதி, பதினான்கு தாள்களையும் நூல் போட்டுக் கட்டினேன். கோப்பு திங்கட்கிழமை மறுபடி மேலே போகிறது. அந்த ஃபிட்டரிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. இன்று காலையும் ஐந்தே முக்காலுக்கு வாசலில் நின்றார்.