இருகிளைத் திறவுகோல் அவரைக் குடும்பத்திலேயே போய் நிற்கிறது: உதவி தேவை

வரப்போரம்:
நாளை மறுநாள் உலர்தாவரத் தாள்களை (செடியை அழுத்தி உலர்த்தி ஒட்டிய தாள்கள்) ஒப்படைக்க வேண்டும். 19 செடிகளுக்குப் பெயர் கண்டுவிட்டேன், இருபதாவதில் மாட்டிக்கொண்டேன். ஆசிரியர் தந்த திறவுகோலில் (படிக்குப் படி இரண்டில் ஒன்றைத் தேர்ந்து பெயரை அடையும் பட்டியல்) மூன்று முறை முதலிலிருந்து வந்தும் அவரைக் குடும்பத்திலேயே முடிகிறது, ஆனால் காய் அவரையைப் போல இல்லை. செயலியோ ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு பெயர் சொல்கிறது. எங்கே தவறுகிறேன்?

கரிசல்மண்:
எந்த ஊர், எவ்வளவு உயரம், காய் எப்படி இருக்கிறது என்று எதையுமே நீங்கள் சொல்லவில்லை. “அவரையைப் போல இல்லை” என்பது முக்கால்வாசிச் செடிகளுக்குப் பொருந்தும்.

இலைநரம்பு:
செயலியின் மேல் பழி போடாதீர்கள். பிளான்ட்நெட் போன்ற செயலியில் படம் இலையா, பூவா, காயா என்று குறிக்கலாம். முழுச் செடியைத் தூரத்தில் நின்று எடுத்துவிட்டு இலை என்று குறித்தால் அது என்ன செய்யும்?

வரப்போரம்:
மன்னிக்கவும். தஞ்சாவூர்ப் பக்கம், வயல் வரப்பு, ஒரு சாண் உயரம். கூட்டிலை, அதாவது ஒரே காம்பில் பல சிற்றிலைகள். சிற்றிலைகளுக்கு அடியில் மிளகைவிடச் சிறிய உருண்டைக் காய்கள் வரிசையாக இருக்கின்றன.

ஏட்டுச்சுவடி:
தம்பி, மஞ்சள் காமாலைக்கு அரைத்துக் கொடுக்கும் கீழாநெல்லியைத் தஞ்சாவூரில் இருந்துகொண்டு கேட்கிறீர்கள். கேம்பிளின் சென்னை மாகாணத் தாவரநூலைப் புரட்டியிருந்தால் பில்லாந்தசு நிரூரி என்ற அறிவியல் பெயரோடு ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். இப்போதைய மாணவர்களுக்குக் கைபேசி போதும்.

நாட்டுவைத்தியம்:
ஓர் இலையை மென்று பாருங்கள். கசந்தால் கீழாநெல்லிதான்.

கரிசல்மண்:
பெயர் தெரியாத செடியை மெல்லச் சொல்லாதீர்கள் ஐயா. கசக்கும் செடிகளுக்கு நம் ஊரில் பஞ்சமும் இல்லை.

கைலென்சு:
தவறு முதல் படியிலேயே நடந்திருக்கிறது. நீங்கள் கூட்டிலை என்று எண்ணியது கூட்டிலையே அன்று. பக்கவாட்டில் நீளும் மெல்லிய கிளையும், அதில் இரு வரிசையாக அமைந்த தனியிலைகளும்தான். சிற்றிலையின் கக்கத்தில் (அது காம்போடு சேரும் மூலையில்) மொட்டோ பூவோ ஒருபோதும் வராது. கூட்டிலை முழுவதற்குமாக, அது தண்டோடு சேரும் இடத்தில்தான் மொட்டு இருக்கும். உங்கள் செடியில் ஒவ்வொரு ‘சிற்றிலை’க்கும் அடியில் காய் இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஆகவே அவை இலைகள். முருங்கையையும் புளியையும் பார்த்துப் பழகிய கண் இங்கே ஏமாறுவது இயல்பு; அந்தக் கிளைகள் இலைகளோடு சேர்ந்தே உதிர்வதால் ஏமாற்றம் இன்னும் கூடும். திறவுகோலில் தனியிலை என்ற பிரிவில் போய்ப் பாருங்கள்.

எந்தச் சிற்றினம் என்று அறியக் கைலென்சு (சிறு உருப்பெருக்கி) வேண்டும். பூவிதழ் ஐந்தா, ஆறா? காய் காம்பில் தொங்குகிறதா, காம்பே இல்லாததுபோல் ஒட்டிச் சொரசொரப்பாக இருக்கிறதா? விதையில் வரிகள் நீளவாக்கிலா, குறுக்காகவா? ஒட்டிய சொரசொரப்பான காயும் குறுக்கு வரிகளும் இருந்தால் அது பில்லாந்தசு யூரினேரியா. ஐந்து பூவிதழும் நீள வரிகளும் இருந்தால் பில்லாந்தசு அமரசு.

மேலும், தாவரங்களுக்கு அறிவியல் பெயரிட்ட லின்னேயசு 1753இல் நிரூரி என்று பெயரிட்டது அமெரிக்கச் செடியை. நம் பழைய நூல்கள் அப்பெயரில் அமரசு, பிராடெர்னசு, டெபிலிசு என்ற மூன்று சிற்றினங்களையும் கலந்துவிட்டன.

ஏட்டுச்சுவடி:
1915இல் தொடங்கி, கேம்பிள் மறைந்த பின் பிஷர் 1936இல் முடித்த நூலை ஒரு வரியில் தள்ளிவிட்டீர்கள். பெயர் மாற்றுவது ஆய்வாளர்களின் பொழுதுபோக்கு; செடி மாறுவதில்லை.

கைலென்சு:
நூலைத் தள்ளவில்லை, என் மேசையிலும் அது இருக்கிறது. அதன் திறவுகோல் இன்றும் வேலை செய்கிறது, ஆனால் முடிவில் வரும் பெயரை அப்படியே தாளில் எழுத முடியாது. அங்கே ஆமணக்குக் குடும்பத்தில் உள்ள இச்செடி இன்று நெல்லிக் குடும்பத்தில் வைக்கப்படுகிறது. மூன்று செடிகளுக்கு ஒரே பெயர் இருந்தால், மருந்துக்குப் பறிப்பவர் எதைப் பறிப்பார்?

நாட்டுவைத்தியம்:
எங்கள் ஊரில் மூன்றையும்தான் பறிக்கிறோம்.

வரப்போரம்:
தனியிலை என்று போனதும் நான்காம் படியில் வந்துவிட்டது. பூவிதழ் ஐந்து, காய் வழவழப்பு. அமரசு என்று எழுதி ஒப்படைத்துவிட்டேன். நன்றி.

கைலென்சு:
விதையைப் பார்த்தீர்களா? இந்தியப் பெருங்கடலின் மசுகரீன் தீவுகளிலிருந்து களையாகப் பரவிய பில்லாந்தசு தெனெல்லசுக்கும் பூவிதழ் ஐந்துதான். அதன் காய்க்காம்பு மயிர்போல நீண்டிருக்கும், மகரந்தத்தாள்கள் ஐந்தும் ஒட்டாமல் தனித்தனியே நிற்கும். காம்பின் நீளத்தை மட்டுமாவது சொல்லுங்கள்.