லீக் சுற்றில் தோல்வியே காணாத அணி அரையிறுதியுடன் வெளியேறுவது நியாயமா?

உப்புவெளி இடதுகை:

திருகோணமலையில் எங்கள் பகுதிக் கழகங்கள் எட்டு சேர்ந்து நடத்திய மென்பந்து துடுப்பாட்டச் சுற்றுப்போட்டி அண்மையில் முடிவடைந்தது. லீக் சுற்றின் ஏழு ஆட்டங்களையும் வென்று 14 புள்ளிகளுடன் எங்கள் கழகம் முதலிடத்தில் நின்றது. மூன்று ஆட்டங்களை மட்டும் வென்று, நிகர ஓட்ட விகிதத்தின் (ஓவருக்கு எடுத்த சராசரி ஓட்டங்களிலிருந்து கொடுத்த சராசரி ஓட்டங்களைக் கழித்து வருவது) தயவால் நான்காம் இடத்தைப் பிடித்த அணியை அரையிறுதியில் சந்தித்தோம். மழையால் ஆட்டம் பத்து ஓவரிலிருந்து ஐந்து ஓவராகக் குறைக்கப்பட்டது. நாணயச் சுழற்சியில் வென்ற அவர்கள் எங்களை முதலில் துடுப்பெடுத்தாடப் பணித்தார்கள். நாங்கள் பந்துவீச வந்தபோது தூறல் மறுபடியும் பிடித்துக்கொண்டது. நனைந்த மென்பந்து கையில் சவர்க்காரக் கட்டியைப் போல வழுக்கும் என்பது வீசியவர்களுக்குத் தெரியும். கடைசிப் பந்தில் தோற்றோம். அவர்கள் இறுதிப் போட்டியையும் வென்று கிண்ணத்தை எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த ஆண்டுக்கான விதிமுறைகளை எழுதும் பொறுப்பு இப்போது என்னிடம் தரப்பட்டிருக்கிறது. தோற்ற வயிற்றெரிச்சலில் விதியை மாற்றுகிறான் என்ற பேச்சு வரக்கூடாது என்பதால் இங்கே கேட்கிறேன்: முதலாம் அணி நான்காம் அணியுடன், இரண்டாம் அணி மூன்றாம் அணியுடன் என்ற இந்த அரையிறுதி முறை நியாயமானதா? லீக் முடிந்தபின் மைதானம் எங்களுக்கு ஒரு சனி, ஞாயிறு மட்டுமே கிடைக்கும் என்பதையும் மனதில் வைத்துப் பதில் எழுதுங்கள்.

பாலையூற்று பழைய நடுவர்:

தம்பி, உங்களுக்கு நேர்ந்தது பெரிய அரங்குகளிலும் நேர்ந்திருக்கிறது. 2020ஆம் ஆண்டின் முதலாவது லங்கா பிரீமியர் லீக்கில் ஐந்து அணிகள் விளையாடின. அவற்றில் நான்கு அரையிறுதிக்குப் போயின. ஒரே ஓர் அணியை வெளியேற்றுவதற்காக அத்தனை லீக் ஆட்டங்கள் எதற்கு என்று அப்போதே எனக்குத் தோன்றியது. எட்டு ஆட்டங்களில் இரண்டை மட்டும் வென்றிருந்த காலி அணி, பட்டியலில் முதலிடத்திலிருந்த கொழும்பு அணியை அரையிறுதியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, இறுதிப் போட்டியில் யாழ்ப்பாணத்திடம் தோற்றது.

மறு ஆண்டு முறை மாறியது. ஐ.பி.எல். போட்டிகளில் 2011 முதல் பின்பற்றப்படுவதும் அதே முறைதான். அதன் வேர் 1931இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா உதைபந்தாட்ட லீக்கில் இருக்கிறது. முதலிரண்டு அணிகளும் முதலாவது தகுதிகாண் போட்டியில் மோதும். வெல்லும் அணி நேரே இறுதிப் போட்டிக்குப் போகும், தோற்கும் அணிக்கு இன்னுமொரு வாய்ப்பு உண்டு. மூன்றாம், நான்காம் அணிகள் எலிமினேட்டரில் மோதும். அதில் தோற்றால் கதை முடிந்தது, வென்றால் முதலாவது போட்டியில் தோற்ற அணியை இரண்டாவது தகுதிகாண் போட்டியில் சந்திக்க வேண்டும்.

ஒரு கொப்பியில் கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு அணிகளும் சமபலம் என்று வைத்துக்கொண்டால், சாதாரண அரையிறுதி முறையில் ஒவ்வோர் அணிக்கும் கிண்ணம் கிடைக்கும் வாய்ப்பு 25 வீதம். முதலிடம் பிடித்ததற்கு எந்தப் பெறுமதியும் இல்லை. இந்த முறையிலோ முதலிரண்டு அணிகளுக்கும் தலா 37.5 வீதம், மற்ற இரண்டுக்கும் தலா 12.5 வீதம். உங்கள் அணி எவரோடு மோதினாலும் பத்துக்கு ஆறு தடவை வெல்லக்கூடியது என்றால், பழைய முறையில் உங்களுக்கு 36 வீதமாக இருந்த வாய்ப்பு 50 வீதத்தைத் தாண்டும். இதற்காக நீங்கள் கூடுதலாக நடத்த வேண்டியது ஒரேயோர் ஆட்டம்.

கிண்ணியா சுழல்:

நடுவர் ஐயாவின் கணக்கில் பிழையில்லை. ஆனால் தீர்ப்பை நான் முழுவதும் ஏற்கவில்லை. அவர் சொன்ன அதே லங்கா பிரீமியர் லீக்கின் 2021ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவது தகுதிகாண் போட்டியில் காலி அணியிடம் தோற்ற யாழ்ப்பாண அணி, தம்புள்ளையை வென்று இறுதிப் போட்டிக்கு வந்து, அதே காலியைத் தோற்கடித்துக் கிண்ணம் வென்றது. இரண்டு அணிகளும் அந்த இரண்டு ஆட்டங்களில் ஒருவரையொருவர் ஒவ்வொரு தடவை வென்றிருந்தன. யாழ்ப்பாணத்தின் தோல்வி மன்னிக்கப்பட்டது; காலியின் தோல்வி மன்னிக்கப்படவில்லை. இரண்டாம் வாய்ப்பு என்பது எந்த நாளில் தோற்கிறோம் என்பதைப் பொறுத்ததாகிவிடுகிறது.

2019 உலகக் கிண்ணத்தில் லீக் சுற்றை 15 புள்ளிகளுடன் முதலிடத்தில் முடித்த இந்தியா, பாகிஸ்தானுடன் 11 புள்ளிகளில் சமநிலையிலிருந்து நிகர ஓட்ட விகிதத்தால் மட்டும் உள்ளே வந்த நியூசிலாந்திடம் அரையிறுதியில் 18 ஓட்டங்களால் தோற்றது. அரையிறுதியில் தோற்றால் முதலிடத்துக்கும் இரண்டாம் வாய்ப்பு இல்லை என்பது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்திருந்தது. உண்மையான கோளாறு இறுதிப் போட்டியில்தான் நடந்தது. நியூசிலாந்துடனான ஆட்டமும், வெற்றியாளரைத் தீர்மானிக்க அணிக்கு ஒன்றாக வீசப்பட்ட சுப்பர் ஓவரும் சமநிலையான பின்னர், 26க்கு 17 என்ற பவுண்டரி எண்ணிக்கையால் இங்கிலாந்து சம்பியனானது. அதுவும் எழுதப்பட்ட விதிதான், ஆனால் அந்த நாளில் அது தேவைப்படும் என்று எவரும் நினைத்திருக்க மாட்டார்கள். சில மாதங்களிலேயே அந்த விதி நீக்கப்பட்டது.

ஆகவே தம்பி, அரையிறுதி முறையைவிட உங்களைத் தோற்கடித்தது மழை விதி என்றே நான் நினைக்கிறேன். ஐந்து ஓவர் ஆட்டத்தில் பலமான அணியின் பலம் வெளிப்படுவதற்கு நேரமே இல்லை. மழை குறுக்கிட்டால் முதலிடத்து அணி நாணயச் சுழற்சியின்றித் தானே முடிவெடுக்கலாம் என்றோ, ஆட்டம் கைவிடப்பட்டால் பட்டியலில் மேலே இருக்கும் அணி முன்னேறும் என்றோ எழுதியிருந்தால் உங்கள் ஏழு வெற்றிகளுக்கும் ஓர் அர்த்தம் இருந்திருக்கும்.

டைக் வீதி:

அமெரிக்கக் கல்லூரி உதைபந்தாட்டத்தைப் பின்தொடர்பவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். (அது நம்முடைய உதைபந்தாட்டம் அல்ல, முட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவது.) அங்கே நான்கு அணிகள் மட்டும் பிளே-ஓஃபுக்கு (சம்பியனைத் தீர்மானிக்கும் கடைசிக்கட்ட ஆட்டங்களுக்கு) போன காலத்தில், அந்த நான்கையும் ஒரு குழு அமர்ந்து தெரிவுசெய்தது. 2023இல் ஃபுளோரிடா ஸ்டேட் அணி 13 ஆட்டங்களையும் வென்றிருந்தும் தெரிவாகவில்லை. ஓர் ஆட்டத்தில் தோற்றிருந்த அலபாமா தெரிவானது. ஃபுளோரிடாவின் முதன்மை ஆட்டக்காரர் காயமடைந்ததால் அணி முன்போல் இல்லை என்பது குழு சொன்ன காரணம். நீங்கள் தோற்றாவது வெளியேறினீர்கள்.

2024இல் அந்த எண்ணிக்கை பன்னிரண்டாக்கப்பட்டு, முதல் நான்கு அணிகள் ஒரு சுற்று விளையாடாமலே காலிறுதிக்கு அனுப்பப்பட்டன. அந்த நான்கும் காலிறுதியிலேயே தோற்றன. எட்டாம் இடத்தில் தரப்படுத்தப்பட்ட ஒஹாயோ ஸ்டேட் சம்பியனானது. நீண்ட ஓய்வு உடலை இறுக்கிவிட்டதா, தரப்படுத்தலே பிழையா என்று இன்னமும் வாதிடுகிறார்கள். எனவே முதலிடத்துக்குச் சலுகை கொடுப்பதென்றால் ஓய்வாக அன்றி, ஐயா சொன்னதுபோல ஒரு தோல்வியைத் தாங்கும் வாய்ப்பாகக் கொடுங்கள்.

உப்புவெளி இடதுகை:

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை காலையில் எலிமினேட்டர், மாலையில் முதலாவது தகுதிகாண் போட்டி; ஞாயிறு காலையில் இரண்டாவது தகுதிகாண் போட்டி, மாலையில் இறுதிப் போட்டி என்று எழுதிப் பார்த்தேன். ஞாயிறு காலையில் வென்ற அணி அன்று மாலையே களைப்போடு மறுபடியும் இறங்க வேண்டும் என்பது ஒரு குறை. சனிக்கிழமை வென்ற அணிக்கு அதுவும் ஒரு சலுகை என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். கிண்ணியா நானா சொன்ன மழை விதியையும் சேர்க்கிறேன். முடிந்தவரை ஆட்டங்களை மழைக்காலம் தொடங்கும் ஐப்பசிக்கு முன்பே முடித்துவிடும்படியும் கேட்கப்போகிறேன். எட்டுக் கழகங்களின் செயலாளர்களும் முதலாவது ஆட்டத்துக்கு முன்பே இதில் கையொப்பமிட வேண்டும். நான்காம் இடத்திலிருந்து கிண்ணம் வென்ற கழகத்தின் செயலாளரிடம்தான் முதலில் கொண்டுபோகப் போகிறேன். அவர் கையொப்பமிட்டால் மற்றவர்களிடம் பேசுவது சுலபம்.