உப்புத் தண்ணீருக்கு எந்த மா? நாட்டுக் கன்றா, ஒட்டுக் கன்றா?

தேரிக்காட்டான் (திசையன்விளை):
எங்கள் பக்கம் கோடையில் கிணறு உப்பேறிவிடுகிறது. ஒட்டு மா வைத்த தோட்டங்களில் சித்திரை, வைகாசி வந்தால் இலை நுனியும் ஓரமும் தீய்ந்து நிற்கின்றன. ஊர் மடத்துப் பக்கம் கொட்டை போட்டு முளைத்த நாட்டு மா ஒன்று நிற்கிறது. தாத்தா காலத்து மரம், யாரும் தண்ணீர் ஊற்றியதில்லை, இன்றும் காய்க்கிறது. அதனால் சொல்கிறேன்: இந்த மண்ணில் நாட்டு ரகம்தான் தாங்கும். பங்கனபள்ளி, இமாம்பசந்த் என்று ஒட்டுக் கன்றுக்குக் காசைக் கொட்டாதீர்கள்.

புளியங்குடி மாந்தோப்பு:
அண்ணாச்சி, இதை ஒத்துக்கொள்ள முடியாது. தண்ணீரே இல்லாமல் நிற்பது வேறு, உப்புத் தண்ணீர் குடித்து நிற்பது வேறு. மடத்து மரம் வறட்சியைத் தாங்கியது ஆணிவேர் ஆழமாக இறங்கியதால். அது குடித்ததெல்லாம் மழைத் தண்ணீர்தான், உங்கள் கிணற்று உப்பை அதற்கு யாரும் ஊற்றவில்லையே!

இன்னொன்று. பக்கத்துத் தோட்டத்து ஒட்டு மாவும் நாட்டுக் கொட்டையின் வேரில்தான் நிற்கிறது. ஒட்டுக்கு மேலேதான் பங்கனபள்ளி. உப்பில் உள்ள குளோரைடை மேலே விடுவதா, தடுப்பதா என்பதைப் பெரும்பாலும் வேர்தான் தீர்மானிக்கிறது. இஸ்ரேலில் உப்புத் தண்ணீருக்கும் சுண்ணாம்பு மண்ணுக்கும் என்று தேடி எடுத்த 13-1 என்ற மா, வேர்ச்செடியாகத்தான், அதாவது மேலே வேறு ரகத்தை ஒட்டுவதற்குக் கீழே வைக்கும் கன்றாகத்தான், பயன்படுகிறது. நர்சரியில் ரகத்தின் பெயரைச் சொல்கிறார்கள், கீழே எந்தக் கொட்டை என்று கேட்டால் பதில் வராது. அதுதான் குறை.

தேரிக்காட்டான்:
வேர் நாட்டு வேர் என்றால் இலை ஏன் தீய்கிறது, தம்பி? பாலித்தீன் பையில் சுருண்ட வேர்தான் காரணம் என்பேன். நேரே குழியில் கொட்டை போட்டால் அந்தச் சுருட்டல் வராது.

புளியங்குடி மாந்தோப்பு:
சுருண்ட வேர் வறட்சியில் காலை வாரும், அது சரி. ஆனால் உப்பில் நாட்டுக் கொட்டை என்ற பெயர் எதற்கும் உத்தரவாதம் இல்லை. நீலம், பெங்களூரா மாதிரி ரகங்களில் ஒரு கொட்டைக்கு ஒரு முளைதான். அது தாய் மரத்தின் குணத்தோடு வரும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் ஒரே வரிசையில் ஒரு மரம் கருகுகிறது, அடுத்தது பச்சையாக நிற்கிறது. மேற்குக் கடற்கரை மா ரகங்கள் பலவற்றில் ஒரே கொட்டையில் பல முளை வரும். அவற்றில் பெரும்பாலானவை தாயின் அச்சு. குருக்கன் அந்த வகை. உப்புக்கு வேர்ச்செடி என்று தேடினால் அங்கே தேட வேண்டும்.

கடையத்து அக்கா:
நீங்கள் இருவரும் மாவை வைத்தே தீர்ப்பு எழுதுகிறீர்கள். எங்கள் பக்கம் எலுமிச்சை. விதைக் கன்றுதான் வைக்கிறோம். எலுமிச்சையில் பல முளை இயல்பு, அதனால் நல்ல தாய் மரத்தைப் பார்த்து விதை எடுத்தால் அண்ணாச்சி சொல்வது பலிக்கும். பெரியகுளத்தில் வெளியிட்ட பி.கே.எம்.1 எலுமிச்சைகூட கடையம் வகையிலிருந்து தேர்ந்தெடுத்ததுதான். ஆனால் உப்புக்கு எலுமிச்சை இனம் முழுக்கவே மென்மையானது. அதிலும் ரங்கபூர் எலுமிச்சை, கிளியோபாட்ரா மாண்டரின் வேர்கள் ஓரளவு குளோரைடைத் தடுக்கும். மூவிலை ஆரஞ்சு வேர் குளிரை அருமையாகத் தாங்கும், உப்பில் தோற்றுவிடும். குளிருக்கு உதவியது உப்புக்கும் உதவும் என்று நம்பினால் தோட்டம் போகும்.

ஸ்ரீவைகுண்டத்து வயல்:
மூன்று பேரும் வறட்சி, உப்பு என்றே பேசுகிறீர்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தை மறந்துவிட்டீர்களா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. வேரில் தண்ணீர் தேங்கினால் பப்பாளி இரண்டு நாளில் முடிந்துவிடும். கொய்யா ஓரளவு சமாளிக்கும். மாவில் சில மரங்கள், தண்ணீர் நின்ற மட்டத்துக்குச் சற்று மேலே பட்டையில் வெள்ளையாகப் புடைப்புகள் விடும். தொட்டால் பஞ்சு மாதிரி இருக்கும். மூச்சுத் துளைகள் வீங்குவதுதான் அது. அது வந்த மரம் பிழைக்க வாய்ப்பு அதிகம். ஆற்றுப் பாசனக்காரனுக்கு உப்பைவிட இதுதான் முக்கியம்.

புளியங்குடி மாந்தோப்பு:
உங்கள் வயலுக்கு அது சரி. தேரிச் செம்மணலில் தண்ணீர் நிற்காது. அங்கே வெள்ளத்துக்கென்று மரம் தேடுவது வீண்செலவு.

தேரிக்காட்டான்:
சரி, வேர் விஷயத்தில் தம்பி சொல்வதை ஏற்கிறேன். பைக் கன்றை மட்டும் ஏற்க மாட்டேன். பல முளைக் கொட்டையைக் குழியிலேயே போட்டு, வளர்ந்தபின் அங்கேயே ஒட்டுக் கட்டுகிறேன். மேலே வேண்டுமானால் பங்கனபள்ளி இருக்கட்டும். ஆனால் எங்கள் தோட்டத்தில் கடல் காற்றும் அடிக்கிறது. கருகலுக்குக் காற்று காரணமா, தண்ணீர் காரணமா என்று எப்படிப் பிரிப்பது?

கடையத்து அக்கா:
இலையைப் பாருங்கள், அண்ணாச்சி. கடல் பார்த்த பக்கம் மட்டும் கருகினால் காற்று. மரம் முழுக்க, கீழே உள்ள முற்றிய இலையில் தொடங்கி நுனியிலிருந்து உள்ளே ஏறினால் வேர் வழி வந்த உப்பு. காற்று என்றால் ரகம் மாற்றிப் பயனில்லை. கடல் பக்கம் சவுக்கை நெருக்கி வேலி போடுங்கள்.

புளியங்குடி மாந்தோப்பு:
குழி எடுக்கும் முன் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். கார்த்திகை மழை முடிந்து எடுத்த தண்ணீர் நல்லதாகத்தான் காட்டும். வைகாசியில், மோட்டார் நன்றாக ஓடியபின் பிடியுங்கள். உவரா (உப்பு மிகுந்ததா), களரா (சோடியம் மிகுந்ததா) என்பதும் அதில் தெரிந்துவிடும். களர் என்றால் மாவை விட்டுவிட்டு நெல்லிக்குப் போங்கள். அது தாங்கும்.